லிட்டில் த்ரம்பிள் சர்ச்சுக்கு ஒரு கழிப்பறை

எங்கள் சர்ச்சுக்கு வயது எண்ணூறு. இந்த எண்ணூறு வருஷத்தில் அதற்கு மணிக்கூண்டு கட்டினார்கள். அது இடி விழுந்து சரிந்த பிறகு மறுபடி கட்டினார்கள். ஜன்னலுக்கெல்லாம் வண்ணக் கண்ணாடி பதித்தார்கள். போன வருஷம் வௌவால்கள் வசதியாகத் தூங்கட்டும் என்று ஏழு மரப்பெட்டி அடித்து மாட்டினார்கள். மனுஷர்கள் ஒன்றுக்குப் போக ஓர் இடம் வேண்டுமே என்று மட்டும் ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை.

என் பெயர் பெரில் ஸ்கட்டர். வயது எழுபத்து மூன்று. நாற்பத்தோரு வருஷமாக லிட்டில் த்ரம்பிளில் ஆர்கன் வாசிக்கிறேன். என் விரல்களில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில். இந்த வயதில் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்: முக்கால் மணி நேரத்துக்கு மேல் என்னால் அடக்க முடியாது. ஞாயிறு ஆராதனையோ ஒன்றேகால் மணி நேரம்.

பழைய பாதிரியார் இருந்தவரை எனக்குக் கவலையே இல்லை. அந்தப் புண்ணியவான் பிரசங்கத்தை ஆரம்பித்தால் இருபத்தைந்து நிமிஷம். "அன்பானவர்களே" என்று அவர் வாயைத் திறந்ததும் நான் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவுவேன். கல்லறைகளைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரே இருக்கிற பப்புக்குப் போவேன். மொத்தம் தொண்ணூற்று இரண்டு எட்டு நடை. போன காரியத்தை முடித்துக்கொண்டு, குளிருக்கு இதமாக ஒரு சின்ன கிளாஸ் ஷெர்ரி ஒயினும் குடித்துவிட்டுத் திரும்பினால், அவர் அப்போதுதான் நோவாவின் பேழையில் இரண்டாவது ஒட்டகத்தை ஏற்றிக்கொண்டிருப்பார்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். ஃபிலிப்பா பாதிரியம்மா வந்தார். நல்ல பொம்பளைதான். ஆனால் அவருக்கு ஆறு ஊர், ஆறு சர்ச்சு, ஒரே ஒரு குட்டிக் கார். அதனால் பிரசங்கம் ஏழு நிமிஷம். ஏழே ஏழு! என் முழங்கால் வலிக்கு ஏழு நிமிஷத்தில் பப்புக்குப் போய்க் காரியத்தை முடிக்கத்தான் முடியும். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று நான் திரும்பி வந்தபோது சபை மொத்தமும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயையும் திறந்து வைத்துக்கொண்டு, நாலு நிமிஷமாக நின்றுகொண்டிருந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடினேன். அந்த மானக்கேட்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அடுத்த வாரமே காட்ஃப்ரி பில்பீம் ஒரு பாட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தான். அவன்தான் எங்கள் சர்ச் வார்டன், சர்ச்சின் நிர்வாகம் பார்க்கிறவன். தொடக்கப் பள்ளியில் எனக்குப் பின்பெஞ்சு. என் சடையை மைக்கூட்டில் முக்கியவன். அதனால் அவனுக்கு நான் மரியாதையெல்லாம் தருவதில்லை. அந்தப் பெட்டிக்குள் இரண்டாயிரம் பாட்டு இருக்கிறதாம். பொத்தானை அமுக்கினால் வாசிக்குமாம். ஒன்றுக்குப் போகாதாம். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னான். பரீட்சித்துப் பார்க்க ஒரு அடக்க ஆராதனையில் அதை வைத்தார்கள். சவப்பெட்டி உள்ளே வரும்போது கல்யாணப் பாட்டு வாசித்தது. இருந்தாலும் கமிட்டி முடிவு எடுத்தது: கிறிஸ்துமஸுக்குள் கழிப்பறை வந்தால் பெரில் வாசிப்பாள். வராவிட்டால் பெரிலுக்கு ஓய்வு. ஓய்வு என்ற சொல்லை எவ்வளவு இனிப்பாகச் சொன்னார்கள் தெரியுமா? ஆர்கன் பெஞ்சை என்னிடமிருந்து பிடுங்குவதும் என் கையை வெட்டுவதும் எனக்கு ஒன்றுதான்.

கழிப்பறைக்கு பிஷப் அலுவலக அனுமதி ஏற்கெனவே வந்திருந்தது. சர்ச்சின் வடக்குப் பக்கம், பக்கவாட்டுக் கதவை ஒட்டி, என் பெஞ்சிலிருந்து பதினோரு எட்டில். அனுமதியில் இரண்டு நிபந்தனை. செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் அஸ்திவாரம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் ஆகும். இன்னொன்று, பழைய மண் என்பதால் தோண்டும்போது தொல்லியல்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பழைய பொருள் எது கிடைத்தாலும் வேலையை நிறுத்தி, அளந்து, வரைந்து, படம் எடுத்த பிறகுதான் மேலே தோண்டலாம்.

இதை ஆரம்பம் முதலே எதிர்த்த ஒரே ஆள் காட்ஃப்ரி. முதலில் மரத்தின் வேர் கெட்டுப்போகும் என்றான். பிறகு வௌவால் பயந்துவிடும் என்றான். பிறகு அந்த இடத்தில் பனிப்பூச்செடி முளைக்கும் என்றான். "எண்ணூறு வருஷமா நம்ம முன்னோர்கள் அடக்கிக்கிட்டுத்தானே இருந்தாங்க?" என்று கடைசியாகக் கேட்டான். ஆறுக்கு ஒன்று என்று ஓட்டில் தோற்றான்.

இங்கே எங்கள் ஊரின் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உழவு முடிந்ததும் எங்கள் வரலாற்றுச் சங்கம் வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டு, வயல் வயலாக நடக்கும். பானை ஓடு பொறுக்கத்தான். இந்த ஊரில் சமையலறை ஜன்னலில் ரோமானியர் காலத்து ஓடு இல்லாத வீடு கிடையாது. பொறுக்கியதைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி, செய்தித்தாளில் காயவைத்து, உள்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் கறுப்பு மையால் நம்பர் எழுதி, அது அழியாமல் மேலே நகப்பூச்சு தடவி வைப்போம். எந்த வருஷம், எந்த வயல், எத்தனையாவது ஓடு என்று அந்த நம்பரே சொல்லும். நம்பர் எழுதுவது நாற்பது வருஷமாக நான். சங்கத் தலைவர்? வேறு யார், காட்ஃப்ரிதான்.

அந்தச் சங்கத்தில் எனக்கு ஒரு களங்கமும் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் பாதிரியார் வயலில் ஒரு கூரை ஓடு கிடைத்தது. ரோமானியன் ஒருவன் ஈரக் களிமண்ணாகக் காயவைத்திருந்தபோது ஒரு நாய் அதன்மேல் நடந்து போயிருக்கிறது. பாதம் அச்சாக அப்படியே பதிந்திருந்தது. நாலு விரல், நடுவில் மெத்தை. எங்களுக்குக் கிடைத்ததிலேயே அருமையான பொருள் அதுதான். இரண்டாயிரத்து மூன்றில் அது சர்ச்சுக்குள் இருக்கிற சங்க அலமாரியிலிருந்து காணாமல் போனது. அலமாரிச் சாவி என்னிடம். அவ்வளவுதான், பழி என் தலையில். அன்று முதல் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் ஐந்தாவது விஷயமாக வாசிப்பார்கள்: "தொலைந்த ஓடு. திருமதி ஸ்கட்டரிடமிருந்து தகவல் ஏதும் இல்லை." இருபத்திரண்டு வருஷம்! தகவல் எங்கிருந்து வரும், நான் தின்றுவிட்டா உட்கார்ந்திருக்கிறேன்?

சரி, குழிக்கு வருவோம். செப்டம்பர் இருபத்திரண்டு, திங்கட்கிழமை, கெவின் தன் குட்டி ஜேசிபியோடு வந்தான். தொல்லியல்காரியாக டாம்ஸின் என்ற பெண் வந்தாள். முழங்காலில் மெத்தை கட்டிக்கொண்டு, பின்பாக்கெட்டில் கரணையைச் செருகிக்கொண்டு, மண்ணைப் பார்த்தாலே முகம் மலர்கிற ரகம். மேற்கு மூலையில் ஆரம்பித்தார்கள். கிழக்கு மூலைவரை போக வேண்டும். மூன்று நாள் வேலை என்றான் கெவின்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பானை ஓடு. "நிறுத்துங்க!" என்றாள் டாம்ஸின். பாதி நாள் போயிற்று. புதன்கிழமை இன்னொன்று. வியாழக்கிழமை மூன்று, அடுக்கி வைத்ததுபோல. வெள்ளிக்கிழமை குழிக்குள் இறங்கிய முதல் பத்து நிமிஷத்திலேயே இரண்டு.

"பெரில் ஆன்ட்டி, உங்க கக்கூஸுக்கு அடியில ரோமாபுரியே இருக்கு போல" என்றான் கெவின், வண்டிமேல் உட்கார்ந்து பன்றி இறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

"வாயை மூடிட்டுத் தோண்டுடா."

"எங்க தோண்ட? அந்தம்மா கையைக் காட்டுனா நான் நிறுத்தணும். சட்டம்."

இன்னும் இரண்டே வேலை நாள். சும்மா நிற்க முடியாமல், "ஓட்டையாவது கழுவித் தரேன், குடும்மா" என்று டாம்ஸினிடம் தட்டை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பிரஷ்ஷை எடுத்து முதல் ஓட்டின் உள்பக்கத்தைத் தேய்த்தேன். மண் கரைந்தது. உள்ளே பளபளவென்று நகப்பூச்சு. நகப்பூச்சுக்கு அடியில் கறுப்பு மை. 87, எம், 307.

ரோமானியப் பானையில் நம்பர்! அதுவும் ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போட்ட நம்பர். இந்த ஊரில் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிற ஒரே ஆள் நான்தான். எனக்கு பியானோ சொல்லிக்கொடுத்த பெல்ஜியத்து டீச்சரிடம் கற்ற பழக்கம். குழாயை மூடவும் மறந்து நின்றேன். சர்ச்சைத் தினமும் காலையில் ஏழு மணிக்குத் திறக்கிறவன் யார்? காட்ஃப்ரி. எண்பத்தேழில் பொறுக்கிய ஓடுகளைத் தன் வீட்டு கராஜில் வைத்திருப்பவன் யார்? அதே கடன்காரன்தான்.

ஓட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். கராஜ் கதவு திறந்திருந்தது. சுவர் முழுக்க ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஓடுகள். காட்ஃப்ரி கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தான். ஓட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்ன இது?"

"பானை ஓடு."

"யாரு போட்டது?"

"ரோமாக்காரன்."

"ரோமாக்காரன் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுவானாய்யா? நகப்பூச்சு தடவுவானா? வெக்கமா இல்ல உனக்கு? நம்பர் இல்லாத ஓடு ஒண்ணுகூடவா கிடைக்கல?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என் வீட்டுல நம்பர் இல்லாத ஓடுன்னு ஒண்ணு கிடையாது பெரில்" என்றான். திருட்டுப் பிடிபட்ட நேரத்திலும் பெருமையைப் பார்!

"ஏன்யா இப்படிப் பண்றே? நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்? எனக்கு ஒரு கக்கூஸ் வந்தா உன் சொத்தா அழிஞ்சுடும்?"

அவன் கையிலிருந்த பிரஷ்ஷின் மயிரைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக, "கிழக்கு மூலையை மட்டும் விட்டுடச் சொல்லு. மத்த இடமெல்லாம் தோண்டிக்கட்டும்" என்றான்.

"கிழக்கு மூலை இல்லாம மூணு சுவத்துல கக்கூஸ் கட்டறதா? நாலாவது பக்கம் சபை பாக்கட்டும்னா?"

"அது இல்ல பெரில்..."

"அப்போ ஏன்?"

"ஏன்னு மட்டும் கேக்காதே."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "திங்கக்கிழமை அந்தக் குழியில இன்னொரு நம்பர் போட்ட ஓடு வந்துச்சு, மவனே, கமிட்டியைக் கூட்டி நடுவுல நின்னு நம்பரைச் சத்தமா வாசிப்பேன். சங்கத் தலைவர், சர்ச் வார்டன் ரெண்டு பதவியும் காலி. புரியுதா?" என்றேன். அவன் தலையாட்டினான். விறுவிறுவென்று வெளியே வந்தேன். வாசல்வரை போனதும் அடக்க முடியவில்லை. திரும்பி வந்து அவன் வீட்டுக் கழிப்பறைக்கே போக வேண்டியதாயிற்று. கோபமாகத்தான் போனேன்.

திங்கட்கிழமை காலை குழியில் ஓடு எதுவும் இல்லை. கெவின் சீட்டியடித்துக்கொண்டு தோண்டினான். பதினோரு மணிக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது. நான் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். பாதிரியம்மா மூன்றாவது ஊருக்கும் நாலாவது ஊருக்கும் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். காட்ஃப்ரியும் வந்தான். கிழக்கு மூலைக்குப் பக்கத்தில் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஜேசிபியின் வாளி கிழக்கு மூலையில் இறங்கியது.

"நிறுத்துங்க!"

டாம்ஸின் குழிக்குள் குதித்தாள். கரணையால் சுரண்டினாள், விரலால் துடைத்தாள். சிவப்பாக ஒரு கூரை ஓடு. அதன்மேல் நாலு விரலும் நடுவில் மெத்தையுமாக ஒரு நாயின் பாதம்.

எட்டிப் பார்க்க நான் குனிந்ததில் தேநீர் பூராவும் பிஸ்கட்டில் கொட்டியது. என் ஓடு! இருபத்திரண்டு வருஷமாக நான் தொலைத்த ஓடு!

டாம்ஸின் அதை மெல்லத் தூக்கினாள். அடியில் எலும்பு. சுருண்டு படுத்த ஒரு நாயின் எலும்புக்கூடு, பற்களுக்கு நடுவில் பச்சை பூத்த ஒரு ரோமானியக் காசு. அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ... ஐயோ கடவுளே! ரோமானிய நாய்! மறு உலகத்துக்குப் போக வாயில காசு! மேல மூட, காலடி பதிஞ்ச ஓடு! இந்த நாட்டுலயே இப்படி ஒண்ணு கிடைச்சதில்லீங்க!" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அப்போ கக்கூஸ்?" என்றேன்.

"கக்கூஸா? மிஸஸ் ஸ்கட்டர், இனிமே இந்த இடத்தை யாரும் தொடவே முடியாது. மேல கண்ணாடிக் கூரை வரும். மியூசியம் வரும். பஸ்ஸு பஸ்ஸா ஜனம் வரும்!"

பஸ் பஸ்ஸாக வரும் ஜனம் எங்கே ஒன்றுக்குப் போகும் என்று கேட்க எனக்குத் திராணி இல்லை. பாதிரியம்மா காட்ஃப்ரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "காட்ஃப்ரி! நாற்பது வருஷமா இதுக்குத்தானே தவம் கிடந்தீங்க? உங்க பேர்லயே பலகை வைப்பாங்க பாருங்க!"

டாம்ஸின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பழைய ஜமீன்தாரின் கல்லறை மேடைதான், அதுவும் அதன்மேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றால். அவள் ஏறி நின்று, "ஹலோ? ஹலோ? கேக்குதா?" என்று கத்தத் தொடங்கினாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அலமாரிக்கு இன்னொரு சாவி சர்ச் வார்டனிடம் உண்டு என்பது இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த நிமிஷத்தில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. திருட்டுப் பயல்! ஓட்டைத் திருப்பினால் பின்னால் என் கையெழுத்தில் நம்பர் இருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பெஞ்சு எனக்கு, கழிப்பறை எனக்கு, களங்கமும் போய்விடும். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் காட்ஃப்ரியைப் பார்த்தேன். அவன் ஓட்டைப் பார்க்கவில்லை. எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாய் மூக்கை இடது பின்னங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்திருந்தது. அந்தப் படுக்கை எனக்குத் தெரியும். முன்வரிசைப் பெஞ்சுக்கு அடியில், பதினாலு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் பார்த்த படுக்கை.

போசன். காட்ஃப்ரியின் நாய். பாதி வேட்டை நாய், பாதி கால்மிதி. முழங்காலிடும் திண்டுகளில் சமாதானம் என்று பின்னியிருந்ததை மட்டும் தேடித் தேடித் தின்றது. பிரசங்கத்தில் குறட்டை விடும். நான் உச்ச ஸ்தாயிக்குப் போனால் மட்டும் எழுந்து உட்கார்ந்து என்னோடு சேர்ந்து ஊளையிடும். அது செத்தபோது, வேல்ஸில் அக்கா வீட்டுத் தோட்டத்தில் புதைத்தேன் என்று காட்ஃப்ரி சொன்னான். பொண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன். அந்த ஞாயிறன்று நான் அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பாடா, இனிமே உச்ச ஸ்தாயியை நிம்மதியா வாசிக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். என்னால் முடியவில்லை. கழிப்பறையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று இருந்தது.

"ஹலோ! ஆங், கேக்குது சார்! நான் டாம்ஸின் பேசறேன்! லிட்டில் த்ரம்பிள்ல இருந்து!" என்றாள் அவள் கல்லறை மேலிருந்து.

காட்ஃப்ரி தொப்பியைத் தலையில் வைத்தான். மறுபடி எடுத்தான். "டாம்ஸின், கொஞ்சம் கீழ இறங்கும்மா" என்றான்.

"ஒரு நிமிஷம் சார்... என்னங்க?"

"அந்த ஓட்டைத் திருப்பிப் பாரு. பின்னாடி நம்பர் இருக்கும். பெரிலோட கையெழுத்து." தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அவ தொலைக்கல. நான்தான் எடுத்தேன். வருஷா வருஷம் அந்த அஞ்சாவது விஷயத்தை வாசிச்சதும் நான்தான். தெரிஞ்சேதான் வாசிச்சேன். இது ரோமானிய நாயும் இல்லம்மா. இது என் போசன். ஒரு சோபாவை முழுசாத் தின்னவன்."

கெவின் வண்டியை அணைத்தான். டாம்ஸின் ஓட்டைத் திருப்பினாள், நம்பரைப் பார்த்தாள், போனைக் காதில் வைத்தாள். "ஒண்ணுமில்ல சார். நாய்தான். ஆமா சார், சும்மா நாய்." போனை வைத்துவிட்டு, "மண்ணு பொலபொலன்னு இருந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று முனகினாள். அவள் முகம் வாடிப்போனது எனக்கே பாவமாக இருந்தது.

எல்லோரும் பாதிரியம்மாவைப் பார்த்தோம். நாயை சர்ச்சு மண்ணில் புதைப்பது பெரிய குற்றம். சர்ச் வார்டனே புதைப்பது அதைவிடப் பெரியது.

"அடக்கம் பண்ணப்போ ஜெபம் பண்ணீங்களா காட்ஃப்ரி?" என்றார் அவர்.

"முழுசாப் பண்ணேன் பாதிரியம்மா. ஒரு வரி விடல. பாட்டு மட்டும் இல்ல. பெரில்கிட்ட எப்படிக் கேக்கறது..."

பாதிரியம்மா குழியை உற்றுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணாடியைக் கார்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

"அப்போ பாட்டு ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன் நான். "கெவின், அவனை இன்னும் ரெண்டு அடி கீழ படுக்க வைடா. பாத்துப் பண்ணு. காசையும் வாயிலயே வை."

உள்ளே போய் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்தே வைத்தேன். ஈஸ்டர் பாட்டை எடுத்தேன். அதில்தான் உச்ச ஸ்தாயி அதிகம். அந்த இடம் வந்ததும் அழுத்திய விரலை எடுக்காமல் அப்படியே நிறுத்தினேன். வெளியே ஓர் ஊளை கேட்டது. காட்ஃப்ரிதான். அடுத்து கெவின் ஊளையிட்டான். மூன்றாவதாகக் கேட்டது, சத்தியமாகச் சொல்கிறேன், பாதிரியம்மாவின் குரல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேறு ஒன்றும் வரப் பார்த்தது. பாட்டைச் சீக்கிரமாக முடித்தேன்.

மறுநாள் மாலை மூன்றரை மணிக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. காட்ஃப்ரியே கான்கிரீட் தள்ளினான். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஐந்தாவது விஷயத்தை அவன் எழுந்து நின்று வாசித்தான்: "தொலைந்த ஓடு. திருமதி ஸ்கட்டரிடம் சங்கம் மன்னிப்புக் கேட்கிறது." இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். அந்த ஓடு இப்போது கழிப்பறைச் சுவரில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பதித்திருக்கிறது. பாட்டுப்பெட்டிக்கு நான் நம்பர் எழுதிக் கொடுத்தேன். அது அவன் கராஜில் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னதாகக் கழிப்பறையைத் திறந்தோம். பாதிரியம்மா ஜெபம் செய்து, ரிப்பன் வெட்டி, ஒரு தரம் தண்ணீரையும் இழுத்துவிட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினோம். ஆராதனை ஆரம்பித்தது. "அன்பானவர்களே" என்று அவர் சொன்னதும் நான் எழுந்தேன். பதினோரு எட்டு. ராணி மாதிரி நடந்தேன். கைப்பிடியைத் திருப்பினேன். பூட்டியிருந்தது.

முதல் நாளே எவன் உள்ளே? தட்டக் கையை ஓங்கினேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. காட்ஃப்ரி. தரையைப் பார்த்துக் குனிந்து பேசுகிறவன் குரல்.

"...பிரசங்கம் இன்னும் அஞ்சு நிமிஷம்தான்டா. அப்புறம் பாட்டு. இன்னிக்கு அந்தப் பாட்டுல உச்ச ஸ்தாயி இருக்கு. பெரில்தான் வாசிக்கிறா. எழுந்து உக்காரு, தயாரா இரு."

ஓங்கிய கையை இறக்கினேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கல்லறைகளைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது சபை மொத்தமும் புத்தகத்தையும் வாயையும் திறந்து வைத்துக்கொண்டு நாலு நிமிஷமாக நின்றுகொண்டிருந்தது. காட்ஃப்ரி முன்வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நின்றான்.

"எங்க போயிட்டே? உனக்குன்னு பக்கத்துலயே கட்டி வெச்சிருக்கு, இன்னமும் லேட்டா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"உனக்கென்னய்யா வந்துச்சு? திரும்பி நில்லு" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து, பக்கவாட்டுக் கதவைக் காலால் கொஞ்சம் திறந்துவிட்டு, பாட்டை ஆரம்பித்தேன்.